ஒனெசிம் உட்கார்ந்து பார்த்த படகுகள்

ஒனெசிமின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் மிச்சம். இடது கையில் சுண்டுவிரல் இல்லை, அதற்குப் பக்கத்து விரல் பாதி இருக்கிறது. பனி தின்றுவிட்டது என்று எங்கள் ஊர் பாறைமூக்கில் சொல்வார்கள். பனி தின்றதுதான், பொய்யில்லை. அந்தப் பனியின் வாயில் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான்தான் என்று சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். இப்போது கேட்காமலே சொல்கிறேன்.

அவன் என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் பாஸ்காலுக்கு ஒரே தம்பி. பாஸ்கால் நெஞ்சு நோயில் தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அதன்பிறகு என் வீட்டு விறகு, என் பிள்ளைகளுக்கு மூஸ் என்கிற குதிரை உயரக் காட்டுமானின் இறைச்சி, பனிவண்டி இழுக்கும் என் ஆறு நாய்களின் மீன் எல்லாம் ஒனெசிம் கையால் வந்தவை. அவனுக்கும் நாய் ஆறு. பன்னிரண்டு நாய் குளிர்காலம் முழுக்கத் தின்ன வேண்டும் என்றால் ஏரி உறைவதற்கு முன் இரண்டாயிரம் வெள்ளை மீனாவது பிடித்துக் குச்சியில் கோத்துத் தொங்கவிட வேண்டும். அதற்கு மூன்று வாரம்தான் கிடைக்கும். அந்த மூன்று வாரமும் தண்ணீர் எப்படி இருக்கும் தெரியுமா? கையை விட்டால் எலும்பு கூசும். விழுந்தவன் சத்தம் போடக்கூட மூச்சு வராது. ஒனெசிமின் அப்பா, என் மாமனார், அப்படித்தான் போனார். கரையில் நின்றவர்கள் அவர் தலையை இரண்டு தடவை பார்த்தார்களாம். அதோடு சரி. அப்போது ஒனெசிமுக்கு ஒன்பது வயது. பார்த்தவர்களில் அவனும் ஒருவன்.

அதனால்தான் படகு விஷயத்தில் அவன் ஒரு மாதிரி. மற்றவர்கள் படகு வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், மோட்டார் மாட்டி ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார்கள். இவன் முதலில் இடுப்பளவு தண்ணீரில் படகை நிறுத்துவான். ஒரு பக்கத்து விளிம்பில் கால் வைத்து முழு உடம்பையும் சாய்ப்பான். மெல்லச் சாய்ந்து, ஓர் இடத்தில் நின்று, எதிர்த்துத் தள்ளுகிற படகு அவனுக்குப் பிடிக்கும். முதலில் நன்றாக நின்றுவிட்டுத் திடீரென்று குப்புறப் போகிற படகைத் திரும்பியும் பார்க்கமாட்டான். அதோடு விடமாட்டான். வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு படகுக்குள் ஊற்றுவான். விளிம்பு வரை நிரப்பிவிட்டு உள்ளே ஏறி மார்பளவு தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். படகு அவனோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்தால் எழுந்து, "இது வேண்டாம்" என்பான். தண்ணீர் நிறைந்தும் அவனைத் தாங்கி மிதந்தால், ஒரு குழாய் புகையிலை தீரும் வரை அதிலேயே இருப்பான்.

ஊர் முழுக்கக் கரையில் நின்று சிரிக்கும். அவன் கண்டுகொள்ளமாட்டான். சிரிப்பு அவனை ஒன்றும் செய்யாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் பழைய கித்தான் படகு மட்கிப்போயிற்று. ஏரியின் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஜெர்வே என்று ஒரு கிழவர், அவராகவே ஒரு பலகைப் படகு செய்து வைத்திருந்தார். செய்தவருக்கே அதன் அழகு தெரியும் போல, மரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அகலமென்றால் அப்படி அகலம். பக்கங்கள் உயரம். அடியிலிருந்து விளிம்பு வரை கருப்புத் தார். உட்காரும் பலகைகளுக்கு அடியில் காற்றடைத்த பெட்டிகள், அவற்றை மூடியதற்கும் தார். ஒனெசிம் கால் வைத்துச் சாய்த்தான், நிரப்பினான், உட்கார்ந்தான், இரண்டு குழாய் புகைத்தான். தான் பொறிவைத்துச் சேர்த்திருந்த மஸ்க்ராட் என்கிற நீரெலித் தோல்களை எல்லாம் ஜெர்வேயிடம் கொடுத்துவிட்டுப் படகை ஓட்டிக்கொண்டு வந்தான்.

நாங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் கரையில் மீன் கீறிக்கொண்டிருந்தோம். படகு முக்கி முனகிக்கொண்டு மெல்ல மெல்ல வந்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அடி, எல்லாரும் எந்திரிங்க. சினை மூஸ் ஒண்ணு ஏரியக் கடந்து வருது. கன்னு போட இடம் தேடுது போல."

சிரித்தார்கள் பாருங்கள், கையில் இருந்த மீன் நழுவி மண்ணில் விழுந்தது. அங்கே கிளெமான்ஸும் இருந்தாள். விரிகுடாவின் அந்தக் கரையில் அண்ணன் வீட்டில் இருந்த விதவை. மீன் கீற எங்களோடு வந்திருந்தாள். அவளும் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஒனெசிம் படகை இழுத்துக் கட்டினான்.

"என்ன அண்ணி, எனக்கு இல்லாத சிரிப்பா? சொன்னா நானும் சிரிப்பேன்ல."

"பிரசவத்துக்கு யார் பாக்கறதுன்னு பேசிக்கிட்டிருக்கோம் தம்பி."

அவனும் சிரித்தான். எங்களுக்குள் அதுதான் வழக்கம். கொழுந்தனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் கேலி செய்யலாம், செய்யவும் வேண்டும். கேலிக்குக் கோபப்பட்டால் அவன் ஆண்பிள்ளை இல்லை. பதில் கேலி வரவில்லை என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒனெசிமுக்கு வாய் வராது. கை மட்டும்தான் வேலை செய்யும்.

எங்கள் ஊரில் ஒரு பெயர் விழுந்தால் விழுந்ததுதான். ஒரு வாரத்தில் குழந்தைகள் கரையோரம் நான்கு காலில் நடந்து மூஸ் போலக் கத்தின. கடைக்காரர், வெள்ளைக்காரர், அவர்கூட, "மூஸ் நலமா?" என்று விசாரித்தார். முரசடித்து ஆடும் நாளில் ஒனெசிம் வட்டத்துக்குள் வந்தபோது யாரோ பின்னால் நின்று மூஸ் போல மெல்ல முனகினார்கள். கிளெமான்ஸ் எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு சுற்று ஆடிவிட்டு வெளியே போய்விட்டான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு கோப்பை டீ ஊற்றிக்கொண்டேன். அவன் அந்தப் பெண்ணுக்காகத்தான் விரிகுடாவைத் தாண்டித் தாண்டிப் போய் வருகிறான் என்று எனக்கு வசந்தத்திலேயே தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை. என் கேலி நல்ல கேலி என்று எனக்கு உள்ளூரப் பெருமை. இப்போது கேட்டாலும் அது நல்ல கேலிதான் என்பேன். அந்தப் படகு சினை மூஸ் மாதிரிதான் இருந்தது. அதுதானே கஷ்டம்.

இலை மஞ்சளாகும் நேரத்தில் அவன் பலகைப் படகைக் கொடுத்துவிட்டு வேறொன்றை மாற்றிக்கொண்டு வந்தான். கிளெமான்ஸின் அண்ணனிடம் ஒரு பச்சைக் கித்தான் படகு இருந்தது. ஒல்லி, நீளம், விளிம்பில் சிவப்புக் கோடு. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகும். அந்த அண்ணனுக்கு விறகு ஏற்ற அகலமான படகு தேவைப்பட்டது. சந்தோஷமாக மாற்றிக்கொண்டார்.

பச்சைப் படகை ஒனெசிம் சாய்த்துப் பார்க்கவில்லை. நிரப்பி உட்காரவில்லை. நான் கரையிலேயே இருந்தேன். அவன் வாளியை எடுக்கவே இல்லை.

அன்றைக்கே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எங்களிடம் ஒரு மரியாதை உண்டு. வளர்ந்த மனிதனிடம் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்வதில்லை. அவன் கண் அவனுடையது, அவன் தலை அவனுடையது. சொல்வது அவனைக் குழந்தையாக்குவது. அம்மாகூட மகனிடம் சொல்லமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வேறு எவனோ ஒருவன் கதையைச் சொல்வாள், அவ்வளவுதான். நான் அந்தக் கதையைக்கூடச் சொல்லவில்லை. பச்சைப் படகு பார்க்க அழகாயிருக்கிறது என்று சொன்னேன்.

அக்டோபரில் ஒரு நாள். இரவு பனி விழுந்து கரைக்கல்லெல்லாம் வழுக்கியது. விரிகுடாவின் மூலைகளில் கண்ணாடி மாதிரி மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது. வடக்கே இருந்து காற்று. வலை இரண்டு நாளாக ஏரியிலேயே கிடந்தது. இன்றைக்கு எடுக்காவிட்டால் மீனும் போகும், வலையும் போகும். காலை முடிந்து மதியம் ஆகும் நேரம். நான் நெருப்பு மூட்டிக் கெட்டில் வைத்திருந்தேன். ஒனெசிம் துடுப்பு, பெட்டி, கட்டை எல்லாம் பச்சைப் படகில் வைத்தான். எங்கள் வழக்கப்படி ஏரிக்குக் காணிக்கையாக ஒரு கிள்ளு புகையிலையைத் தண்ணீரில் போட்டான். பிறகு இன்னொரு கிள்ளு போட்டான்.

அவன் இரண்டு தடவை போட்டு நான் பார்த்ததே இல்லை.

ஒரு கால் கல்லில், ஒரு கால் படகில் வைத்தபடி நின்றான். ஏரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். விளிம்பைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்தான், படகு சட்டென்று சாய்ந்தது, நிமிர்த்திக்கொண்டான். ஒரு கோப்பை டீ குடிக்கிற நேரம் அப்படியே நின்றிருப்பான். போகாதே தம்பி என்கிற வார்த்தை என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நிஜமாகவே நின்றது. அதன் கனம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

"டீ சூடா இருக்கு," என்றேன்.

"வந்து குடிக்கிறேன் அண்ணி."

போனான்.

பிறகு நடந்ததைக் கிளெமான்ஸ்தான் பார்த்தாள். அவர்கள் கரைக்கு நேராகத்தான் வலை. அவன் முழங்காலிட்டு வலையை இழுத்திருக்கிறான். ஈர வலை விளிம்பில் ஏற ஏற, தண்ணீர் அங்கேயே உறைந்து அந்தப் பக்கம் கனத்துக்கொண்டே போயிருக்கிறது. கட்டையால் தட்டித் தட்டிப் பனிக்கட்டியை உதிர்த்திருக்கிறான். அகலமான படகு என்றால் நடுவில் உட்கார்ந்தபடியே எட்டித் தட்டலாம். இதில் விளிம்பை நோக்கிச் சாய வேண்டும். ஒரு பெரிய அலைதான் வந்ததாம். பச்சைப் படகு பக்கவாட்டில் உருண்டு, வயிற்றைக் காட்டி, உள்ளே தண்ணீர் நிறைந்ததும் கல் மாதிரி கீழே இறங்கியது. அதில் காற்றுப்பெட்டி ஏது. ஒனெசிம் வலையின் மிதவைக் கட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான்.

கிளெமான்ஸின் அண்ணன் காட்டில் இருந்தார். அவள் தனியாகத்தான் பலகைப் படகைத் தள்ளினாள். காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டாள். அந்தப் படகு வேகமாக வருமா? வராது. அது வந்து சேரும் வரை அவன் தண்ணீரில் கிடந்தான். கொஞ்சம்கூட உணர்வில்லாத விரல்களை வலைக்கண்களில் மாட்டி முறுக்கி வைத்திருந்தான், கை விட்டாலும் வலை விடாதபடி. அதுதான் அவனைக் காப்பாற்றியது. அதுதான் விரல்களைத் தின்றது. கிளெமான்ஸ் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கத்தியால் வலையை அறுத்து, அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டாள். ஒரு பெண், ஒரு நனைந்த ஆண், இருவர் கனமும் ஒரே விளிம்பில். சினை மூஸ் மெல்லச் சாய்ந்தது, ஓர் இடத்தில் நின்றது, எதிர்த்துத் தள்ளியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனைத் தோலுக்குள் சுற்றி அடுப்புக்குத் தள்ளிப் படுக்க வைத்திருந்தார்கள். கைகள் வெந்நீர்ச் சட்டிக்குப் பக்கத்தில், மெழுகு மாதிரி. கிளெமான்ஸ் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஏன் அந்தப் படகை மாத்தினான்?"

"எனக்கென்ன தெரியும்."

"எங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? கிளெமான்ஸ் சிரிக்காத படகு ஒண்ணு வேணும்னானாம்." அவள் கண் துடைக்கவில்லை, வழியவிட்டாள். "நான் நீங்க வச்ச பேருக்குச் சிரிச்சேன் அக்கா. அந்த ஆளப் பாத்துச் சிரிக்கல. எங்க வீட்டுக்காரரை ஏரி கொண்டுபோச்சு. படகுல தண்ணி ஊத்தி உக்காந்து பாக்கற ஒருத்தன விட்டுட்டு நான் வேற எவனப் பாக்கப்போறேன்? ஆனா பொம்பள வாயத் திறந்து அதை எப்படிச் சொல்றது?"

அவள் தன் ஆசையைச் சொல்லவில்லை, நான் போகாதே என்று சொல்லவில்லை, பேசின ஒரே வாய் மூஸ் என்று பேசின வாய்.

இருவருக்கும் கிறிஸ்துமஸில் கல்யாணம் ஆனது. விரல் இல்லாதவனுக்கு மோதிரம் எதில் போடுவது என்று ஊர் கேலி செய்தது, நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒனெசிம் நாய்களை விற்றுவிட்டான். நாய்க்கு இழுவார் கட்ட விரல் வேண்டும், முடிச்சவிழ்க்க விரல் வேண்டும். எங்களிடம் நாய் இல்லாத ஆண் என்றால் மற்றவன் பனிவண்டியில் சாமானோடு சாமானாகப் போகிறவன். கிளெமான்ஸ் வலை போட்டாள், அவன் மோட்டார் பக்கம் உட்கார்ந்தான். நான் ஒவ்வோர் இலையுதிர் காலமும் அவன் வீட்டுக்கு வேகவைத்த மீன்தலை கொண்டுபோனேன். அவனுக்கு அது பிடிக்கும். "உக்காருங்க அண்ணி," என்பான். கோப்பையை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் குடிப்பான். அந்தக் கைகளை நான் பார்ப்பதை அவன் பார்ப்பான். இருபது வருஷம். அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். நான் கேட்கவும் இல்லை. பிடிவாதம் என்று என் மகள் சொல்வாள். பிடிவாதம்தான். வெட்கம் என்று சொல்லிக்கொள்வதைவிட அது சுலபம்.

போன வருஷம் என் பேத்தி வெரோனிக் சொந்தமாக வலை போடப் படகு வேண்டும் என்றாள். நாய் இப்போது யாரிடமும் அதிகமில்லை. மீனைக் கூட்டுறவில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஏரி அதே ஏரி, அக்டோபர் அதே அக்டோபர். சரக்குப் படகில் இரண்டு அலுமினியப் படகுகள் வந்து இறங்கின. ஒன்று வெள்ளை வண்ணம் அடித்தது, கூர்மூக்கு, பறக்கிற மாதிரி. மற்றது சாம்பல் நிறம், மீன்பெட்டி மாதிரி சதுரம். வெரோனிக் வெள்ளையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சின்னத் தாத்தாவைக் கூப்பிடலாமா பாட்டி?"

கூப்பிட்டோம். ஒனெசிம் கோலூன்றி வந்தான். இரண்டையும் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தச் சொன்னான். விளிம்பில் கால் வைக்கப் பார்த்தான், முழங்கால் மடங்கவில்லை. வாளியைப் பிடிக்கப் பார்த்தான், வாளி நழுவியது. கரையில் ஆள் சேர்ந்துவிட்டது. எவனோ, "தாத்தா குளிக்க வந்திருக்கார், சோப்புக் கொண்டாங்க," என்றான். ஒனெசிம் சிரித்தான். அதே பழைய சிரிப்பு. பதில் இல்லாதவன் சிரிக்கிற சிரிப்பு.

நான் காலணியைக் கழற்றினேன்.

"பாட்டி, என்ன பண்றீங்க?"

"ஊத்து. நான் உக்காருறேன்."

"எழுபது வயசு ஆச்சு உங்களுக்கு. தண்ணி எப்படி இருக்குன்னு தெரியுமா?"

"உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். ஊத்துடி."

பாவாடையோடு வெள்ளைப் படகில் ஏறி உட்கார்ந்தேன். வெரோனிக் தண்ணீர் ஊற்ற ஊற்ற என் உடம்பு எனக்கே சொந்தமில்லாமல் போயிற்று. விளிம்பு தொட்டதும் படகு குப்பென்று என்னையும் இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. கழுத்து வரை தண்ணீர். கரை முழுக்கச் சிரித்தது. ஒருத்தி, "பாட்டி மூஸு," என்று கத்தினாள். சிரிக்கட்டும். நன்றாகச் சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"இது வேண்டாம்," என்றான் ஒனெசிம்.

சாம்பல் படகில் ஏறினேன். கிளெமான்ஸ் கம்பளியோடு கரையில் நின்று திட்டிக்கொண்டிருந்தாள். இதில் பலகைக்கு அடியில் ஏதோ வெள்ளையாக அடைத்திருந்தார்கள். தண்ணீர் நிறைந்தது. படகு கொஞ்சம் இறங்கியது, நின்றது. என்னைத் தாங்கிக்கொண்டு மிதந்தது. வெரோனிக் பக்கவாட்டில் தொங்கினாள். சாய்ந்தது, நின்றது, தள்ளியது.

"போதும் அண்ணி, எந்திரிங்க. பாத்தாச்சு."

"இரு."

மற்றவர்கள் அடுத்த வேடிக்கைக்குப் போய்விட்டார்கள். அவன் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து குழாயை உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டான். என் பற்கள் அடித்துக்கொண்டன. அப்போதுதான் வாய் திறந்தது. இருபது வருஷம் அடுப்புச் சூட்டில் திறக்காத வாய்.

"அன்னைக்கு நீ போகும்போது நான் போகாதேன்னு சொல்லியிருக்கணும் தம்பி. அந்தப் பேரையும் நான் வச்சிருக்கக் கூடாது."

அவன் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். புகை போனது. பிறகு கோலை ஊன்றி எழுந்து, கிளெமான்ஸ் மூட்டியிருந்த நெருப்பைப் பார்த்தான்.

"டீ சூடா இருக்கு அண்ணி," என்றான்.

மன்னித்துச் சொன்னானா, என் வார்த்தையையே திருப்பிக் கொடுத்தானா, எனக்கு விளங்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் நான் அதைச் சொன்னபோது அவனுக்கும் விளங்கியிருக்காது. எழுந்து போய்க் குடித்தேன். கோப்பையை அவன்தான் நீட்டினான், இரண்டு கையாலும்.

வெரோனிக் சாம்பல் படகை எடுத்துக்கொண்டாள். போன அக்டோபர் முழுக்க அதில்தான் வலை எடுத்தாள். மெதுவாகத்தான் போகிறது. அழகும் இல்லை. கரையில் இளவட்டங்கள் அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பார்கள். நான் மீன் கத்தியோடு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அந்தப் படகுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.